கம்பியின் மறுமுனை

நின்ற இடத்திலேயே இன்ஜின் குதித்துக்கொண்டிருந்தது. திடீரென்று ஏறும், அணையப்போவதுபோல் இறங்கும். சிக்னலில் நின்றாலே அணைந்துவிடுகிறது என்று புலம்பிவிட்டுத்தான் உரிமையாளர் அந்தப் பழைய காரைப் பட்டறையில் விட்டுப் போயிருந்தார்.

மெக்கானிக் பானெட்டுக்குள் குனிந்திருந்தார். ஸ்டியரிங் முன்னால் அவர் மனைவி. அவர் கையை உயர்த்தினால் ஆக்ஸிலேட்டரை மிதிப்பாள், தாழ்த்தினால் விடுவாள்.

முன்பெல்லாம் வாயால்தான் சொல்வார். காது அடைத்துப்போன பிறகு எல்லாம் சைகைதான். காதில் மாட்டும் மெஷின் ஊர் இரைச்சலையெல்லாம் மண்டைக்குள் கொட்டியதால் அது பீரோவில் தூங்குகிறது.

ஆனால் எலும்புக்குக் கேட்கும். இரும்புக் கம்பியின் ஒரு முனையை இன்ஜினில் ஊன்றி, மறுமுனையைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினால் போதும். உள்ளே நடக்கும் கூத்தெல்லாம் தலைக்குள் வந்துவிடும்.

கம்பியை இடம் மாற்றி மாற்றி வைத்தார். ரப்பர் குழாய் ஒன்று மாட்டியிருந்த இடத்தில் மெல்லிய சீறல். தடவிப் பார்த்தார். குழாயின் அடியில் வெடிப்பு. விரலால் பொத்தியதும் இன்ஜின் சாதுவாகிவிட்டது.

பழுது பிடிபட்டும் மனசு நிறையவில்லை. ஊரார் கார்களெல்லாம் அவரிடம் பேசுகின்றன, கட்டியவள் குரல் மட்டும் வரவில்லையே என்றிருந்தது.

என்ன வாய் அவளுக்கு! இதே மாதிரி சீட்டில் உட்கார்ந்துகொண்டு பக்கத்து வீட்டு வம்பையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பிப்பாள். கொஞ்சம் வாயை மூடேன் என்று எரிந்து விழுவார். இப்போது அந்தத் தொணதொணப்புக்குத்தான் ஏங்கினார்.

அவள் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தாள். சாப்பாடு ஆறுகிறது என்று உதடுகள் சொல்லின. உதட்டைப் படிக்க அவருக்குப் பழகியிருந்தது.

அவருக்கு என்ன தோன்றியதோ, கம்பியைத் துடைத்து அதன் ஒரு முனையை அவள் தாடையில் வைத்து, மறுமுனையைத் தன் காதுக்குப் பின்னால் அழுத்திக்கொண்டார். பேசு என்று கண்ணைக் காட்டினார்.

வெட்கப்பட்டுத் தெருவை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். பிறகு உதடுகள் அசைந்தன.

ஒன்றும் வரவில்லை.

இன்னும் அழுத்தினார். இரும்புக்குச் சரி, மனுஷிக்கு இது ஆகாது போலிருக்கிறது என்று தோன்றியது. அப்போதுதான் அவள் தொண்டையைப் பார்த்தார்.

உதடு அசைகிறது. தொண்டை அசையவே இல்லை.

கேட்காத மனிதரிடம் குரலை எதற்கு வீணாக்குவது என்று அவள் அதை நிறுத்தியிருந்தாள். எப்போதிலிருந்து என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"சத்தம் விட்டுப் பேசும்மா."

அவள் கண் கலங்கியது. முதலில் ஒரு கனைப்பு வந்தது. பிறகு, துருப்பிடித்த மாதிரி கரகரவென்று ஒரு குரல்.

"என்னங்க... கேக்குதா?"

கேட்டது. மண்டை முழுக்கக் கேட்டது.

இன்னொரு தரம் சொல்வாளே என்று, ஒன்றும் கேட்காதவர்போல் உதட்டைப் பிதுக்கினார்.