கயிற்றுக்கு அந்தப் பக்கம்

ஆறு மணிக்கு எழுந்தேன். பல் துலக்கினேன். குளித்தேன். துண்டைப் பிழிந்து பால்கனிக் கொடியில் ஓரம் சேர்த்து விரித்தேன். இரண்டு கிளிப் போட்டேன். காபி குடித்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன்.

ஒன்பதரைக்கு மாமியாரை அழைத்துக்கொண்டு நகர அருங்காட்சியகத்துக்குப் போனேன். அதை ஒட்டிய கண்ணாடிக்கூரைத் தோட்டத்தில், இறந்தவர் பெயரில் செடி வைக்கலாம். தொட்டியில் பித்தளைத் தகடு. அதில் ஒரு வரி எழுதலாம்.

அத்தை பெரணிச் செடி போதும் என்று முடிவு செய்திருந்தார். வரியும் முடிவாகியிருந்தது. மகள் கடைசியாகச் சொன்னது. அதை அவருக்குச் சொன்னவன் நான்தான்.

தோட்டத்துக்கு வழி அருங்காட்சியகத்துக்குள்ளேதான். அச்சகம், சலவைக்கடை, முடிதிருத்தும் நாற்காலி. அத்தை எல்லாவற்றின் முன்பும் நின்றார். எனக்கு நிற்க முடியவில்லை. முன்னால் போவேன், திரும்பி வருவேன்.

"இந்த ரேடியோ நம்ம பரண்ல இன்னும் கெடக்கு மாப்ள. விட்டா என்னையும் இங்க கயிறு கட்டி நிறுத்திருவாங்க."

சிரித்தார். மூன்று மாதத்தில் முதல் தடவை.

கடைசி அறை, ஓர் ஆலைத் தொழிலாளியின் வீடு. கயிற்றுக்கு அந்தப் பக்கம் கட்டில், டிரங்குப் பெட்டி, நாற்காலி. ஆள் இப்போதுதான் எழுந்து போனதுபோல் தெரிய, கட்டில்மேல் ஒரு துண்டைச் சுருட்டி எறிந்திருந்தார்கள்.

கடந்து போனேன். திரும்பி வந்தேன். மறுபடியும் போனேன்.

அப்புறம் கயிற்றைத் தாண்டினேன். துண்டை எடுத்து நாற்காலி முதுகில் விரித்தேன். ஓரம் சேரவில்லை. இழுத்துச் சரிசெய்தேன்.

"சார், என்ன சார், சொந்த வீடு மாதிரி உள்ள போயிட்டீங்க?" காவலாளி ஓடிவந்தார்.

அத்தை அவர் காதருகே ஏதோ சொன்னார். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். துண்டைத் தொடாமல் போய்விட்டார்.

தோட்டத்தில் புழுக்கம். கூரைக் கண்ணாடி வேர்த்துக் கழுத்தில் சொட்டியது. பெரணித் தொட்டி பக்கத்தில் தோட்டக்காரப் பெண் படிவத்தை நீட்டினார்.

"ஒரு தடவ சரியாப் பாத்துக்கங்க. தகட்டுல வெட்டிட்டா மாத்த முடியாது."

அத்தையின் குண்டு எழுத்தில் இருந்தது: 'அம்மாவப் பாத்துக்கோங்க.'

"இதுதானே சொன்னா? ஒரு எழுத்து மாறக் கூடாது மாப்ள." அத்தை என் முகத்தையே பார்த்தார்.

"இதான் அத்தை."

கையெழுத்துப் போட்டேன். படிவத்தில் ஒரு சொட்டு விழுந்தது. கூரையிலிருந்துதான்.

பேருந்து நிறுத்தத்தில் மயங்கி விழுந்தவள் மருத்துவமனையில் கண் திறக்கவே இல்லை. விழுவதற்கு அரைமணி நேரம் முன்னால், வேலைக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே வாசலிலிருந்து சொன்னாள்:

"ஈரத் துண்டக் கட்டில்ல போடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?"