வட்டின் வெளி ஓரம்

கூடத்தில் பெரியவர், அவர் மனைவி, மருமகன், சம்பந்தி, கல்யாணத்துக்கு வராத அவருடைய அண்ணன் ஆகிய ஐவர் இருந்தனர். அண்ணன் கேட்பதற்காகக் கல்யாணத்தின் ஒலிப்பதிவு சிடியைப் போட்டார்கள்.

மனைவி கிசுகிசுத்தார்: "ஆரம்பத்துலயே நீங்க சம்பந்தியைத் திட்டினது இருக்கே. மானம் போகுமே!"

"அது கேக்காது. காலையிலயே வெளி ஓரம் முழுக்கச் சாவியால கீறிட்டேன்."

முதல் நிமிடத்திலேயே அவர் குரல் கணீரென்று ஒலித்தது: "கஞ்சப் பரம்பரை!"

கடைசியில், மேடையேறி அவர் மன்னிப்புக் கேட்ட இடத்தில் சிடி திக்கித் திணறி நின்றது.

மருமகன் வட்டைத் திருப்பிப் பார்த்தார். "மாமா, பழைய இசைத்தட்டுதான் ஓரத்திலேருந்து பாடும். சிடியில ஒளி நடுவிலேருந்து படிச்சிட்டு வரும்."

பெரியவர் மன்னிப்பே கேட்கவில்லை என்று, சிடியை மட்டும் கேட்ட அண்ணன் வழியாக உறவில் உலாவும் பேச்சு பொய். கேட்டார், அதை அழித்ததும் வேறு யாருமல்ல, அவரேதான்.