பாகம் பிரித்த கொம்பு

"ஆனைக்கொம்பு இந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளதான் இருக்கு, சார். தொறக்கச் சொல்லுங்க" என்றான் பூதலிங்கம்.

வனவர் ராஜையன் பெட்டியைப் பார்த்தார். மனு கொடுத்த பூதலிங்கத்தைப் பார்த்தார். பிறகு வீட்டுக்காரரான அவனுடைய அண்ணன் தாணப்பனைப் பார்த்தார்.

"தந்தத்தை விக்கவும் பிடாது, வாங்கவும் பிடாதுன்னு சட்டம் வந்து எத்தனை வருசமாச்சு. சான்றிதழ் இல்லாம வீட்டில வச்சிருந்தாலே ஜெயிலாக்கும். அவகாசம் குடுத்தப்பவே எழுதிக் குடுத்திருக்கலாம்லா?"

"அன்னைக்குப் பேப்பர் பாக்கலை, சார்" என்றார் தாணப்பன்.

அப்பா காலமானபோது வயலோடு இரண்டு கொம்புகளும் பாகமாயின. ஒன்று ஆனையுடையது. மற்றது ஜோடி சேர்க்கத் தச்சன் செய்து வெள்ளை பூசியது. எது எதுவென்று மூத்தவருக்கு மட்டும்தான் தெரியும். தம்பி பங்கை எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். தனக்கு வந்தது மரம் என்று பூதலிங்கம் அன்றே முடிவு செய்தான். சோதித்துப் பார்க்கவில்லை. அண்ணன் கொடுத்தது என்பதே போதுமான சோதனையாக இருந்தது. பேச்சு நின்று பதினாறு வருடம்.

மதினி உலகம்மை சாவியை நீட்டினாள். "கொழுந்தனாரு நம்ம படி ஏற, கவர்மெண்டு ஜீப்பு வரவேண்டியிருக்கு."

ராஜையன் கொம்பின் அடியைக் கத்தியால் சுரண்டினார். வெள்ளைக்குள் பழுப்பு தெரிந்தது.

"இது மரம்வே. எங்களை என்ன, விளையாட்டுக்கா கூட்டிட்டு வந்தீரு?"

பூதலிங்கத்தின் முகம் கறுத்தது. "மாத்தி வச்சிருக்காரு, சார். எங்க அப்பாகிட்ட நெசக் கொம்பு இருந்தது ஊருக்கே தெரியும். அது எங்கன்னு கேளுங்க."

"சொல்லும், அது எங்க?"

தாணப்பன் தம்பியை ஒருமுறை பார்த்தார். "எங்கிட்டதான் இருந்துது. பயந்துபோயி வட்டக்கோட்டையில கடல்ல எறிஞ்சிட்டேன்."

உலகம்மை வாயைத் திறந்தாள். அவர் கையைக் காட்டி அடக்கினார்.

"எழுதிக் கையெழுத்துப் போடுவீரா?"

போட்டார். பூதலிங்கம் சாட்சிக் கையெழுத்துப் போட்டான், முழுப் பெயராக.

ஜீப்பில் ஏறும் முன் தாணப்பன் தம்பியின் பக்கத்தில் வந்து நின்றார். குரல் தாழ்ந்திருந்தது.

"உன் வீட்டு முன்வாசல் கதவுக்கு உன் பங்கை முட்டுக் குடுத்து வச்சிருக்கியே, மக்கா. ஆரும் தொட்டுப் பாக்க முந்தி, அதை நான் சொன்ன இடத்துல கொண்டு போட்டிரு."