கைமாத்து

லஞ்சம் வாங்கிப் பிடிபட்ட வி.ஏ.ஓ. புருஷோத்தமன், பிடித்துக் கொடுத்த காந்திமதியின் வீட்டு வாசலிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நின்றார்.

ஏழு வருஷத்தில் ஆள் பாதியாகியிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல்.

"இன்னா சார் இங்க?" காந்திமதி கதவை முழுசாகத் திறக்கவில்லை.

"ஹைகோர்ட்டுல என் அப்பீல் ஜூலையில வருதும்மா. வக்கீல் ஒரு வழி சொன்னாரு. அந்த எட்டாயிரம் லஞ்சம் இல்ல, நான் உங்களுக்குக் கைமாத்தா குடுத்ததைத்தான் நீங்க திருப்பிக் குடுத்தீங்கன்னு ஒரு பத்திரம் எழுதிக் குடுத்தா..."

"நீ எனக்குக் கைமாத்து குடுத்தியா?" மரியாதை போய்விட்டது.

"இல்ல."

"அப்புறம்?"

"அதான் எழுதித் தரச் சொல்லிக் கேக்க வந்தேன்."

காந்திமதிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. புருஷன் போன கையோடு, அவர் பேரில் இருந்த நாலு சென்ட்டுக்குப் பட்டா மாற்றித் தரச் சொல்லி இந்த ஆளிடம்தான் நடையாய் நடந்தாள். எட்டாயிரம் கேட்டார். லஞ்ச ஒழிப்பு போலீஸிடம் போனாள். பவுடர் தடவிய நோட்டைக் கொடுத்தார்கள். நீட்டினாள், வாங்கினார். கையைத் தண்ணீரில் முக்கச் சொன்னார்கள். தண்ணீர் ரோஸ் கலராக மாறியது.

மூன்று வருஷ ஜெயில் என்று தீர்ப்பு. அப்பீல் போட்டு ஜாமீனில் இருந்தார். வேலை போய்விட்டது. சுங்குவார்சத்திரத்தில் ஒரு லாட்ஜில், கம்பெனி வேலைக்கு வரும் பையன்களின் ஆதார் நம்பரை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"உனக்குப் பொய் சொல்ல வேற நான் வரணுமா? உன்னால என் பட்டா இன்னிவரைக்கும் மாறல, தெரியுமா?"

புருஷோத்தமன் நிஜமாகவே திடுக்கிட்டார். "மாறலையா?"

"எங்க மாறும்? தாலுகா ஆபீஸ்ல கேட்டா, ஒரிஜினல் ஃபைல் கோர்ட்டுல கீதுன்றான். புதுசா எழுதிக்கினு போனா, 'நீதான அந்தப் பவுடர் அம்மா'ன்றான். அதுக்கப்புறம் ஒருத்தனும் எங்கிட்ட காசு கேக்கல. ஒருத்தனும் வேலையும் செய்யல."

அவர் ஃபைலிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, வாசலில் நின்ற ஸ்கூட்டி சீட்டின் மேல் வைத்து எழுத ஆரம்பித்தார். சர்வே நம்பரை அவளிடம் கேட்கவில்லை. மனப்பாடமாக இருந்தது.

"கோர்ட்டுல நகல் மனு போட்டு, அந்த ஃபைலோட காப்பிய வாங்குங்க. இதோட சேர்த்து, தாலுகா ஆபீஸ்ல வருஷா வருஷம் கணக்குப் பாத்து மனு வாங்குற ஜமாபந்தி அன்னிக்குக் குடுங்க. கவுன்ட்டர்ல வேணாம். மேல உக்காந்திருக்கிற அதிகாரி கையிலயே குடுங்க. ரசீது வாங்காம நகராதீங்க."

"அதுக்குப் பதிலா நான் எதுல கையெழுத்து போடணும்?" காந்திமதி சுதாரித்துக்கொண்டாள்.

"இந்த மனுவுலதான். உங்க மனு இது."

அந்தக் கைமாத்துப் பத்திரத்தைப் பற்றி அவர் அப்புறம் பேசவே இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மகள் சுகப்பிரியா ஷிப்ட் முடிந்து வந்து, அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். "இதுல ஏதோ உள்குத்து கீதும்மா."

எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. அவர் சொன்னபடியே கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

ஜூலையில் ஒருநாள், இருங்காட்டுக்கோட்டை கேன்டீனில் வேலை முடித்து, லாக்கரில் இருந்த போனை எடுத்தாள் காந்திமதி. பட்டா மாறிவிட்டது என்று மெசேஜ் வந்திருந்தது. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள்.

அதே வாரம் பக்கத்து வீட்டு அண்ணாதுரை பேப்பரோடு வந்தார். "உன் கேஸ் ஜெயிச்சுட்ச்சும்மா. அந்தாளு அப்பீல் தள்ளுபடி. ரெண்டு வாரத்துல உள்ள போவணுமாம்."

அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பத்திரம் எழுதுபவரிடம் போனாள். எட்டாயிரம், கைமாத்து, திருப்பிக் கொடுத்தது. எல்லாவற்றையும் அவரே அழகாக எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

"பொய்னு தெரிஞ்சே போடறியா?" என்றாள் சுகப்பிரியா.

"நமக்கு வேலை செஞ்சு குடுத்தாருல்ல. சும்மா இருந்தா நல்லா இருக்குமா?"

லாட்ஜில் புருஷோத்தமன், அடுத்து வரப்போகிற ஆளுக்கு நோட்டையும் சாவிக்கொத்தையும் காட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். காந்திமதி பத்திரத்தை நீட்டினாள்.

"சார், நீங்க எழுதிக் குடுத்ததாலதான் பட்டா வந்துச்சு. மேல டெல்லி கோர்ட்டுக்குப் போலாமாமே. இத வச்சுக்குங்க."

அவர் பத்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தார்.

"கதவு எண்ணைத் தப்பா போட்டிருக்காரு."

"மாத்திக்கினு வரேன் சார். இது உதவுமா உதவாதா?"

"உதவும்னுதான் வக்கீல் சொல்றாரு."

"அப்ப வாங்கிக்குங்க. எங்க வேலைய முடிச்சுக் குடுத்திருக்கீங்க. பதிலுக்கு நான் இதுகூட செய்யக் கூடாதா?"

புருஷோத்தமன் பத்திரத்தை நான்காக மடித்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"வேலைய முடிச்சுக் குடுத்ததுக்குப் பதிலுக்கு வாங்கினா, அதுக்குப் பேரு என்னன்னு போலீஸ்ல எழுதிக் குடுத்ததே நீங்கதானம்மா."