ஒரு கை இறால்

"வேணாம் இருசம்மா. இறாலை எடுத்துட்டுப் போ."

சொல்லி முடித்ததும் நர்ஸ் ஹேமாவதிக்குத் தன் குரலே புதிதாக இருந்தது.

சென்னையில் மூன்று நாள் பயிற்சி. "பயப்படாதீங்க. பிடிக்கலைன்னா வேணாம்னு சொல்லுங்க. உங்க மரியாதை உங்க கையில" என்று பாடம் நடத்திய மேடம், ஆளுக்குப் பத்து தடவை சொல்லவைத்துத்தான் விட்டார்.

இருபது வருஷ சர்வீஸில் அந்த ஒரு வார்த்தை மட்டும் ஹேமாவதிக்கு வாயில் வந்ததில்லை. கோட்டைக்குப்பம் அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்தபின் இந்த இறாலையும் அப்படித்தான் மறுக்க முடியாமல் வாங்கிக்கொண்டிருந்தாள்.

இருசம்மாளுக்குக் காலில் சர்க்கரைப் புண். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வருவாள். போகும்போது, புருஷன் ஏரியில் பிடித்ததில் ஒரு கை மேஜைமேல் வைத்துவிட்டுப் போவாள்.

ஹேமாவதி வீட்டில் மீன் வாடையே ஆகாது. பஸ்ஸில் எல்லோரும் மூக்கைப் பொத்த, திருப்பாலைவனம் வரை சுமந்துபோய் அடுத்த வீட்டுக் கோமளாவிடம் கொடுப்பாள். போதாக்குறைக்கு டாக்டர் வேறு, "என்ன சிஸ்டர், மாமூலா?" என்று கிண்டல்.

அன்று இருசம்மாள் இறால் பையை எடுத்துக்கொண்டு விந்தி விந்திப் போய்விட்டாள்.

அடுத்த கட்டுக்கு அவள் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை.

ஹேமாவதிக்கு ஒன்றும் ஓடவில்லை. கோபமா? நயமாகத்தானே சொன்னோம்? சொன்னது சரியா, தப்பா? பயிற்சியில் கைதட்டினார்களே! இப்படியே விட்டால் விரலையே எடுக்க வேண்டிவருமே!

ஏழாம் நாள் பஞ்சும் மருந்துமாக இருசம்மாள் வீட்டுக்கே போய்விட்டாள். வாசலில் கூடையை வைத்துக்கொண்டு இறால் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள் அவள். காலில் பழந்துணி.

"ஏன் வரலை?"

"கையை வீசினு எப்படி சிஸ்டர் வர்றது?"

"வீசிட்டு வாயேன்! நான் உன்கிட்ட எப்பவாவது ஏதாவது கேட்டேனா? சும்மாதானே கட்டுறேன்?"

"அதான் சிஸ்டர். நீங்க சும்மா கட்டுனீங்க, நானும் சும்மா இறா குடுத்தேன். அக்கா தங்கச்சியாட்டம் இருந்துச்சு. நீங்க வேணாம்னுட்டீங்க. இனிமே உங்களாண்ட வந்து காலை நீட்டுனா அதுக்குப் பேரு இன்னா? பிச்சைதானே?"

ஹேமாவதியை வெட்கம் பிடுங்கித் தின்றது. குனிந்து, கூடையிலிருந்து தானே ஒரு கை இறாலை அள்ளித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"பெருசா பாத்து எடுங்க சிஸ்டர்" என்ற இருசம்மாள், அப்புறம்தான் காலை நீட்டினாள்.