சைக்கிள் மணி

“அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் கீழ வைங்க மாப்பிள்ளை” என்றாள் மனைவியின் அக்கா.

தையல்காரர் பக்கத்தைப் புரட்டினார். ஆபரேஷன் தியேட்டர் கதவு திறந்தது. எழுந்தார். வேறு யாரையோ தள்ளிக்கொண்டு போனார்கள். உட்கார்ந்தார். அவருடைய வலது கால் வெறும் தரையில் மிஷின் மிதித்துக்கொண்டிருந்தது.

அக்கா தன் கணவர் பக்கம் திரும்பினாள்.

“உள்ள என் தங்கச்சிக்குக் குரல்வளையையே எடுக்கறாங்க. இனிமே அவ வாயத் திறந்தா சத்தம் வராது. இந்த மனுஷனுக்குக் கதைப் புத்தகம்.”

“கதை இல்ல. ஒருத்தர் தன் வாழ்க்கையை எழுதினது” என்றார் தையல்காரர்.

“எவனோ பட்ட பாடு இப்ப எதுக்கு? நம்ம வீட்டுல இருக்கறது பத்தலையா?”

“விடு” என்றார் சகலை. “நான் டீயா குடிச்சுத் தள்ளறேன். சகலை படிக்கறார்.”

“உங்களுக்குத் தெரியாது. காலையில வண்டி வாசல்ல நிக்குது. அவ பையோட ஏறி உட்கார்ந்துட்டா. இவர் ஸ்க்ரூ டிரைவரை வச்சுக்கிட்டு சைக்கிள்ல எதையோ கழட்டிக்கிட்டிருக்கார். ரிப்பேர் பார்க்க நாள் பார்த்தார் பாருங்க.”

தையல்காரர் படித்த பக்கத்தையே மறுபடி படித்தார். ஓரத்தை மடித்தார்.

“மாடியிலேர்ந்து அவ ஒரு குரல் குடுத்தா தெருமுனையில திரும்புவீங்களே. இனிமே அந்த வீடு எப்படி இருக்கும்னு யோசிச்சீங்களா?”

“யோசிச்சேன்.”

கால் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு மறுபடி மிதித்தது.

மறுநாள் பார்க்க விட்டார்கள். கழுத்தைச் சுற்றிப் பெரிய கட்டு. கண் விழித்திருந்தாள்.

“எப்படி இருக்கே? வலிக்குதா?” அக்கா தலைமாட்டில் உட்கார்ந்து, குனிந்து கத்தினாள்.

“ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதாம்” என்றார் சகலை, அதைவிடச் சத்தமாக.

அவள் உதடுகள் அசைந்தன. அக்கா புது நோட்டையும் பேனாவையும் நீட்டினாள். வலது கையில் சலைன் ஊசி. பேனா நழுவிக் கட்டிலுக்கடியில் உருண்டது. சகலை தேடி எடுப்பதற்குள் அக்கா வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

“மாத்துத் துணி எடுக்கணும். பீரோச் சாவியை எங்க வச்சிருப்பாளோ.”

“தலையணைக்கு அடியில இருக்கும்” என்றார் சகலை.

“அங்கெல்லாம் வைக்க மாட்டா. மறதி ஜாஸ்தி அவளுக்கு.”

படுத்திருந்தவள் வாயைத் திறந்தாள். மூடினாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“மெதுவாப் பேசுங்க. அவளுக்குக் காது நல்லாக் கேக்கும்” என்றார் தையல்காரர். புத்தகத்தை மேஜைமேல் வைத்தார். சட்டைப்பையிலிருந்து சைக்கிள் மணியை எடுத்து அவள் இடது கையில் வைத்தார். கட்டைவிரலைப் பிடித்து, அழுத்த வேண்டிய இடத்தில் பொருத்தினார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“சமையலறையிலயும் பார்த்துட்டேன்” என்று ஆரம்பித்தாள் அக்கா.

டிரிங்.

மூன்று பேரும் திரும்பினார்கள். அவள் முகம் சுவரை விட்டு இவர்கள் பக்கம் திரும்பியிருந்தது.

“சொல்லு” என்றார் தையல்காரர், அவள் உதடுகளைப் பார்த்து.

உதடுகள் அசைந்தன.

“சாவிதானே? சாமான் பெட்டியிலயா?”

டிரிங், டிரிங். அதில் அவளுடைய பழைய கோபம் அப்படியே இருந்தது.

“சரி, சரி. என் மிஷின் டிராயர்லயா?”

கண்ணை மூடித் திறந்தாள்.

“மறதியாம்” என்று சகலை சிரித்துவிட்டு, டீ வாங்கப் போனார்.

அக்கா மேஜையிலிருந்த புத்தகத்தை எடுத்தாள். அது மடித்த பக்கத்தில் திறந்துகொண்டது.

‘தொண்டை ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது எல்லோரும் என்னிடம் கத்திப் பேசினார்கள். பிறகு என்னைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கையில் ஒரு ஸ்பூனாவது கொடுத்திருந்தால் டம்ளரைத் தட்டியிருப்பேன்.’

அக்கா மடிப்பைக் கலைக்காமல் புத்தகத்தை மூடினாள். தலைமாட்டில் கிடந்த நாற்காலியை, தங்கையின் உதடுகள் தெரிகிற பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.