ஒரு மரமும் அசையக் கூடாது

ஓட்டோ நிற்கும் முன்பே பிரஷாந்தி குதித்து இறங்கினாள். மரவீட்டின் கூரையில் பாதி ஓடுகளைக் கழற்றி முற்றத்தில் அடுக்கியிருந்தார்கள். மீதிப் பாதியில் இரண்டு பேர் குந்தியிருந்து ஓடு இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"பார்த்தீங்களா மிஸ்? நான் சொன்னது பொய்யா?" என்றாள், பின்னால் இறங்கிய ஷஸ்னாவிடம்.

பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் பிரிவின் அதிகாரி ஷஸ்னா. அவர் வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வவுணதீவுப் பக்கம் காடாய்க் கிடந்த காலத்தில் முதன்முதல் வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களில் ஒருவர் பிரஷாந்தியின் பூட்டன். யானைக்குப் பயந்து, வெட்டிய பாலை, முதிரை மரங்களைப் பிளக்காமல் முழுமரமாகவே ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிச் சுவராக்கினார். அந்தக் காலத்து வீடுகளில் மிஞ்சியது இது ஒன்றுதான்.

"உங்கட அண்ணன் வீட்டக் கழட்டுறார்" என்று முன்வீட்டுக்காரி காலையில் போன் எடுத்துச் சொன்னதிலிருந்து பிரஷாந்திக்கு இருப்புக்கொள்ளவில்லை. அண்ணன் உதயரூபனிடமே கேட்டிருக்கலாம். ஆனால் அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று, "இந்த வீட்ட இப்பிடியே விட ஏலாது" என்று அவர் தொடங்க, "கை வெச்சா எனக்கு அண்ணனே இல்ல" என்று இவள் முடித்ததோடு இருவருக்கும் பேச்சு நின்றுவிட்டது. அதனால் நேரே ஷஸ்னாவின் கந்தோருக்குப் போய் முறையிட்டு அவரைக் கூட்டிவந்தாள்.

ஷஸ்னா சுவர் மூலையைத் தடவிப் பார்த்தார். "ஒரு ஆணி இல்ல. மரத்துல வாய் வெட்டி, ஒண்டுக்குள்ள ஒண்டு கொளுவியிருக்காங்க. இப்பிடி ஒரு வீட்ட நான் படத்துலதான் பார்த்திருக்கன்."

"இதையும் பாருங்க மிஸ்." ஒவ்வொரு மரத்திலும் வெள்ளைச் சோக்கால் இலக்கம் எழுதியிருந்ததைப் பிரஷாந்தி காட்டினாள். "மரம் வாங்கி விக்கிற மரக்காலைக்காரன் வந்து பார்த்துப் போட்டிருக்கான். முதிரைக்கு இப்ப இருக்கிற கிராக்கிக்கு விடுவானா?"

ஷஸ்னா உள்ளே போய்ப் படம் எடுத்தார். பிரஷாந்தி வாசலுக்கும் படலைக்கும் நடந்தாள். கூரையில் இருந்தவர்களை இறங்கச் சொன்னாள். அவர்கள் இறங்கவில்லை. மறுபடி வாசலுக்கு வந்தாள். அதிகாரி பின்பக்கம் போகத் திரும்பியபோது, "அது குசினிப் பக்கம், அங்க ஒண்டும் இல்ல மிஸ். அவர் வாறத்துக்குள்ள நோட்டீஸ ஒட்டுங்க" என்று அவசரப்படுத்தினாள்.

அதற்குள் உழவு இயந்திரச் சத்தம் கேட்டது. உதயரூபன் பின்னால் வெறும் இழுவைப் பெட்டியைப் பூட்டி ஓட்டிக்கொண்டு வந்தார். தங்கையைக் கண்டதும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மெதுவாக இறங்கினார்.

"மரம் ஏத்த வந்திட்டார்" என்றாள் பிரஷாந்தி, அவர் முகத்தைப் பார்க்காமல்.

"ஐயா, இந்த வீடு இனிப் பாதுகாப்புக்குள்ள வருது" என்றார் ஷஸ்னா. "ஒரு மரமும் அசையக் கூடாது. குழு வந்து பார்த்து முடிவு சொல்லுறவரைக்கும் இப்பிடியே இருக்கோணும்."

"குழு எப்ப வரும் மிஸ்?"

"மாரி மழை முடிஞ்ச பிறகுதான் வருவாங்க."

உதயரூபன் வானத்தைப் பார்த்தார். வடகிழக்கு கறுத்துக் கிடந்தது. "இஞ்ச இருந்து வேற இடத்துக்குக் கொண்டு போறதெண்டாலும் ஏலாதா?"

"கொண்டு போறதா? அதுக்குத்தான் முதல்ல மறியல்ல போடுவாங்க."

"மிஸ், நான் என்ன சொல்ல வாறனெண்டா..."

"கேட்காதீங்க மிஸ்." பிரஷாந்தி குறுக்கே வந்து நின்றாள். "வித்துத் திங்கிறதுக்கு ஆயிரம் கதை சொல்லுவார்."

அவர் தங்கையை ஒருமுறை பார்த்தார். திரும்பி இயந்திரத்தடிக்கு நடந்தார்.

கதவில் நோட்டீஸ் ஏறியது. வேலைக்காரர்கள் இறங்கி, திறந்து கிடந்த கூரைக்குப் படங்கு ஒன்றை இழுத்துக் கட்டிவிட்டுப் போனார்கள். ஷஸ்னாவும் வந்த ஓட்டோவிலேயே போய்விட்டார்.

வென்றாகிவிட்டது. ஆனாலும் பிரஷாந்திக்கு மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. அண்ணனை வாசலில் காணவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள்.

அம்மாவின் அந்தியேட்டிக்குப் பிறகு அந்தப் பக்கம் அவள் வந்ததே இல்லை. பின்வேலி இருந்த இடத்தில் வேலி இல்லை. தென்னைகள் இல்லை. ஊரார் ஆறு என்று சொல்லும் வாவி கரையைத் தின்று தின்று, பின்சுவரின் அடிமரத்துக்குக் கீழேயே வந்து நின்றது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மண்கட்டி பெயர்ந்து தண்ணீருக்குள் விழுந்தது.

உதயரூபன் அந்த விளிம்பில் குந்தியிருந்தார்.

"ஆறு எப்ப இருந்து இப்பிடி அறுக்குது அண்ணன்?" என்று கேட்டாள்.

"போன மாரியில இருந்து."

"இந்த மாரிக்கு?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். தாங்காது என்பதுபோல.

பிரஷாந்திக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "அதுக்கு? ஆத்தோட போக முதல் மரக்காலைக்காரனுக்குக் குடுத்திடுவமெண்டு பார்த்தீங்களோ?"

"ஆருக்கும் குடுக்க இல்லகா. நம்மட மேட்டு வளவில கொண்டு போய், இலக்கம் பார்த்து இதே மாதிரிப் பூட்டத்தான் கழட்டினன்."